டன்ஸ்முயர் ரயில்காரர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவது எப்படி

வடக்குக் கலிபோர்னியாவில், சாக்ரமென்டோ ஆறு ஓடிவரும் மலையிடுக்கில் டன்ஸ்முயர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. இன்று அங்கே சுமார் 1,700 பேர்தான் வசிக்கிறார்கள். 1886-ல் தண்டவாளம் வந்த காலத்தில் அந்த இடத்துக்குப் பெயர் புஷர். மலை ஏறத் திணறும் ரயில்களைத் தள்ளிவிட என்ஜின்கள் அங்கே காத்துக் கிடந்தன, அதனால் அந்தப் பெயர். நம் ரயில்வே பேச்சில் பேங்கர் என்கிறோமே, அதுதான். அப்புறம் அலெக்சாண்டர் டன்ஸ்முயர் என்ற நிலக்கரிக் குடும்பத்துப் பணக்காரர் அந்த வழியாகப் போனார். என் பெயரை வைத்தால் ஊருக்கு ஒரு நீரூற்று அமைத்துத் தருகிறேன் என்றார். பெயர் மாறியது, நீரூற்றும் வந்தது. இன்றும் அது ஊரில் இருக்கிறது.

நான் தெற்கே ரெட்டிங்கில் குடியிருக்கிறேன். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். பதினொரு வருடமாக விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் டன்ஸ்முயருக்குப் போய், ரயிலில் வேலை பார்த்தவர்களையும், ரயில் பார்க்க வந்து அந்த ஊரிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்ட ரசிகர்களையும் பேசவைத்துப் பதிவு செய்து வருகிறேன். அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. இதை எப்படிச் செய்கிறாய், நாங்களும் எங்கள் பக்கத்தில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். டெஹாச்சப்பி, ட்ரக்கி, பார்ஸ்டோ, நீடில்ஸ் என்று அமெரிக்க மேற்கில் ரயிலால் பிறந்த எந்த ஊருக்கும் இந்த முறை பொருந்தும். ஆனால் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நீராவி என்ஜினில் கரி எண்ணெய் நாற்றத்தோடு வேலை பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகக் குறைவு. டீசல் காலத்தில், 1960களின் தொடக்கத்தில் சேர்ந்தவர்களே எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் இந்தக் குளிர்காலமே தொடங்குங்கள்.

என் முதல் பதிவு 17 நிமிடம். 34 வருடம் முதலில் பிரேக்மேனாகவும் (பெட்டிகளின் பிரேக்கைக் கவனிப்பவர்) பிறகு கண்டக்டராகவும் இருந்தவர் அவர். நல்ல மனிதர், காப்பி போட்டுக் கொடுத்தார். நான் எதிரே உட்கார்ந்து, "உங்கள் ரயில் நினைவுகளைச் சொல்லுங்கள்" என்றேன். "வேலை பார்த்தோம். குளிராக இருக்கும். அப்புறம் பென்ஷன் வந்தது" என்றார். மேலும் பத்துக் கேள்வி கேட்டேன், பத்துக்கும் ஒற்றை வரிப் பதில்தான். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. நான் கேட்ட விதத்தில் பதில் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ரசிகரிடமிருந்து வாங்கிய புகைப்படப் பிரதியோடு மறுபடி போனேன். 1950களில் டன்ஸ்முயர் யார்டில் எடுத்தது. படம் முழுக்க ஒரு பெரிய நீராவி என்ஜின். எடுத்த ரசிகர் அதன் எண், வகை, சக்கர அமைப்பு எல்லாவற்றையும் பின்னால் எழுதி வைத்திருந்தார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை மூக்கருகே கொண்டுபோனார். என்ஜினை அவர் பார்க்கவே இல்லை. படத்தின் இடது ஓரத்தில் பாதி தெரியும் ஒரு மரக் கொட்டகைச் சுவரில் விரலை வைத்தார். "இந்த மூலையில் ஓர் ஆணி இருந்தது. என் லாந்தரை அதில்தான் மாட்டுவேன். வேறு எவனாவது மாட்டியிருந்தால் சண்டை" என்றார். அங்கிருந்து தொடங்கிய பேச்சு இரண்டு மணி நேரம் நிற்கவில்லை. சுவரோரம் பனி எவ்வளவு உயரம் குவியும், எந்தப் படி உடைந்திருந்தது, அந்தப் படியில் விழுந்து கணுக்கால் பிசகியவன் யார், அவனுக்குப் பதிலாக இவர் போன ரயில் எது என்று வந்துகொண்டே இருந்தது.

எனக்கு இந்த வேலையின் சூட்சுமம் அன்றுதான் பிடிபட்டது. ரசிகர் படத்தின் நடுவை நினைவில் வைத்திருக்கிறார், வேலை பார்த்தவர் ஓரத்தை நினைவில் வைத்திருக்கிறார். ஒருவரிடம் எண்ணும் தேதியும் துல்லியமாக இருக்கும். இன்னொருவரிடம் குளிர், பசி, தூக்கம், பயம் இருக்கும். இரண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை. தனித்தனியாகக் கேட்டால் பாதி ஊர்தான் கிடைக்கும்.

பேச்சு மொழியைக் கற்றுக்கொண்டு போங்கள்

அமெரிக்க ரயிலில் ஓட்டுநரை என்ஜினியர் என்பார்கள். கண்டக்டர் என்றால் டிக்கெட் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள், சரக்கு ரயிலில் நம் ஊர் கார்டு போல முழு ரயிலுக்கும் பொறுப்பாளர் அவர். கடைசியில் மாட்டும் பிரேக் வேனுக்கு கபூஸ் என்று பெயர். இந்தத் தடத்தை நடத்திய சதர்ன் பசிபிக் கம்பெனியின் கபூஸ்களில் பலவற்றுக்குப் பக்கவாட்டில் துருத்திய ஜன்னல் இருந்தது, அதில் உட்கார்ந்து வளைவுகளில் ரயிலை எட்டிப் பார்ப்பார்கள். 1980களில் கபூஸ் போய், கடைசிப் பெட்டியில் மின்னும் ஒரு சின்னக் கருவி வந்தது. எத்தனையோ பேர் தங்கள் ரயில் வாழ்க்கையை கபூஸுக்கு முன், கபூஸுக்குப் பின் என்றே பிரித்துச் சொல்கிறார்கள்.

"ஓட்டைக்குள் போனோம்" என்று ஒருவர் சொன்னால், எதிர் ரயிலுக்கு வழிவிட லூப் லைனில் ஒதுங்கி நின்றார்கள் என்று பொருள். "சட்டத்தில் செத்தோம்" என்றால் யாரும் சாகவில்லை. வேலை நேர வரம்பு முடிந்து, நடு வழியில் ரயிலை அப்படியே நிறுத்திவிட்டார்கள், மாற்று ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள் என்று அர்த்தம். அந்த வரம்பு 1907 சட்டப்படி 16 மணி நேரமாக இருந்தது. 1969-ல் சட்டத்தைத் திருத்தி முதலில் 14 ஆக்கினார்கள், 1972 முதல் 12. இது தெரிந்திருந்தால், "16 மணி நேரம் நின்றோம்" என்று ஒருவர் சொல்லும்போது அது எந்தக் காலத்துக் கதை என்று கேட்காமலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

இந்தச் சொற்களை நீங்கள் பேசிக் காட்ட வேண்டாம். புரிந்தால் போதும். புரியாத இடத்தில் நிறுத்தி, "அதைக் கொஞ்சம் விளக்குங்கள்" என்று கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். புரிந்ததுபோல் தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆயுசு முழுக்க தூரத்து விளக்கசைவை வைத்துச் செய்தி படித்த ஆட்கள் அவர்கள்.

போகும் முன் காகிதங்களைப் புரட்டுங்கள்

1950-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீடு வீடான தாள்கள் 2022 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. இணையத்தில் இலவசம். டன்ஸ்முயர் தாள்களைத் திறந்து ஒரு தெருவை மட்டும் வாசித்துப் பாருங்கள். தொழில் பத்தியில் பிரேக்மேன், ஃபயர்மேன் (என்ஜின் அடுப்பைக் கவனிப்பவர்), மெக்கானிக், தந்தி ஆபரேட்டர் என்று வரிசையாக வரும். நீங்கள் பார்க்கப் போகும் பெரியவரின் அப்பா என்ன வேலை பார்த்தார், பக்கத்து வீட்டில் யார் இருந்தார் என்பதை அதிலிருந்து குறித்துக்கொள்ளலாம். சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் இருக்கின்றன. எந்தக் கட்டடம் மரம், எது செங்கல், என்ஜின்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ரவுண்ட்ஹவுஸ் எங்கே இருந்தது என்பது வரை அவற்றில் தெரியும். கலிபோர்னியாவின் பழைய செய்தித்தாள்களில் நிறைய, ரிவர்சைட் பல்கலைக்கழகம் நடத்தும் டிஜிட்டல் தொகுப்பில் கிடைக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் கைகொடுத்தது ஊழியர் கால அட்டவணை. பயணிகளுக்கான அட்டவணை அல்ல, ஊழியர்களுக்கென்று அச்சிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷன், லூப் லைன், வேகத் தடை, தண்ணீர் பிடிக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும். பழைய பொருள் விற்பவர்களிடமும் ரசிகர் சந்திப்புகளிலும் கிடைக்கும். அதை மேஜையில் விரித்து வைத்து, "இங்கிருந்து வடக்கே கிளாமத் ஃபால்ஸ் வரை ஒரு ராத்திரி என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். விரல் ஒவ்வொரு பெயரிலும் நிற்கும். நின்ற இடத்தில் எல்லாம் ஒரு கதை இருக்கும்.

என்ன கேட்பது

எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்காதீர்கள். யார் எழுப்பினார்கள் என்று கேளுங்கள்.

இது நிஜமான கேள்வி. ரயில் வேலையில் கடிகாரத்துக்கு ஒழுங்கு கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் உபரிப் பட்டியலில் இருப்பார்கள், எப்போது கூப்பிட்டாலும் போக வேண்டும். தொலைபேசி பரவலாகும் முன் கால் பாய், அதாவது வேலைக்குக் கூப்பிட வரும் பையன், வந்து கதவைத் தட்டுவான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். அந்தப் பையன் எந்த ஜன்னலைத் தட்டினான், அப்போது வீட்டில் வேறு யாருக்கு விழிப்பு வந்தது, சாப்பாட்டுப் பெட்டியில் என்ன இருந்தது, யார்டுக்கு எந்த வழியாக நடந்தார்கள், கையில் என்ன இருந்தது, மறுமுனையில் எங்கே படுத்தார்கள், திரும்பி வந்தபோது பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்களா என்று ஒரு நாளை நடந்து காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிசையே மூன்று மணி நேரத்துக்குப் போதும்.

அடுத்து, கைகளைக் கேளுங்கள். மறதி வந்த பிறகும் கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பெரியவரிடம், மலை இறங்கும் முன் ரிட்டெய்னர் வைப்பது என்றால் என்ன என்று கேட்டேன். சரக்கு ரயில் நீளமான சரிவில் இறங்கும்போது ஓட்டுநர் பிரேக்கைத் தளர்த்தி மறுபடி காற்று ஏற்ற வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் ரயில் பிய்த்துக்கொண்டு ஓடிவிடக்கூடாது. அதற்காக ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு சிறு வால்வு இருந்தது, அதைத் திருப்பிவிட்டால் பிரேக் உருளைக்குள் கொஞ்சம் காற்று தங்கி நிற்கும். சரிவு தொடங்கும் முன் பிரேக்மேன்கள் பெட்டி பெட்டியாகப் போய் அதைத் திருப்ப வேண்டும், அடிவாரத்தில் மறுபடி பழையபடி வைக்க வேண்டும். இதை அவர் வாயால் சொல்லத் தடுமாறினார். உடனே எழுந்து நின்றார். இடது கையால் இல்லாத ஏணியைப் பிடித்தார், வலது முழங்கையை மடக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மேல்நோக்கி ஒரு திருப்பு. அப்புறம் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார். "ஏன் துடைத்தீர்கள்?" என்றேன். தன் கையையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "பனி. கையுறை நனைந்துவிட்டால் அடுத்த பெட்டியில் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்" என்றார். அந்தத் துடைப்பு ஒலிப்பதிவில் விழாது. அதனால் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு கை செய்ததை எல்லாம் எழுதுங்கள், அனுமதித்தால் வீடியோவும் எடுங்கள்.

டன்ஸ்முயர் சுமார் 2,300 அடி உயரத்தில் இருக்கிறது. வடக்கே மவுண்ட் ஷாஸ்தா ஊர் சுமார் 3,600 அடி. சாலையில் இரண்டுக்கும் நடுவே பத்து மைல்கூட இல்லை. அந்த ஏற்றத்துக்காகத் தண்டவாளத்தை கான்டாரா என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே குதிரை லாடம்போல வளைத்திருக்கிறார்கள். ஊரின் நினைவுகளில் பாதி அந்த ஏற்றத்தைப் பற்றியவை. முன்னால் இருப்பவரும் பின்னால் தள்ளுபவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், விசிலாலும் பிரேக் காற்றாலும் பேசிக்கொண்ட காலம் அது. "பின்னால் இருந்தவன் கை எப்படி என்று உடம்பிலேயே தெரியும்" என்று ஓர் ஓட்டுநர் சொன்னார். கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

ரசிகர்களிடம் கேட்கும்போது

ரசிகர்களைச் சிலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கம்பெனிகள் குப்பையில் போட்ட காகிதங்களை எடுத்து வைத்தவர்கள் அவர்கள். பதினாறு வயதில் சைக்கிளில் வந்து யார்டு வேலிக்கு வெளியே நின்று எண் எண்ணாகக் குறித்தவர்கள். அவர்களிடம் பேச்சு எண்ணிலேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கொஞ்சம் வேலை. "அந்தப் படத்தை எடுத்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்? யாரோடு வந்தீர்கள்? வேலைக்காரர்களில் யாராவது உங்களைப் பார்த்துக் கையசைத்தார்களா?" என்று கேளுங்கள். முதல்முறை என்ஜினின் ஓட்டுநர் அறைக்குள் ஏற்றிவிட்ட ஓட்டுநரை எந்த ரசிகரும் மறக்கமாட்டார்.

இந்தத் தடத்தில் எல்லா ரசிகர்களும் நிற்கும் இடம் கேப்-ஃபார்வர்டு என்ஜின். நீராவி என்ஜினைத் திருப்பிப் போட்டதுபோல, ஓட்டுநர் அறை முன்னாலும் புகைபோக்கி பின்னாலும் இருக்கும். மலைச் சுரங்கங்களிலும், பனி விழாமல் தண்டவாளத்தின் மேல் போட்ட கூரைகளின் கீழும் புகை ஓட்டுநர்களை மூச்சுத் திணறவைத்ததால் சதர்ன் பசிபிக் இப்படிக் கட்டவைத்தது. எண்ணெயில் எரியும் என்ஜின் என்பதால்தான் இது முடிந்தது, எண்ணெயைக் குழாயில் முன்னால் கொண்டுபோய்விடலாம். நிலக்கரியைப் பின்னாலிருந்து அவ்வளவு தூரம் யார் அள்ளிப் போடுவது? அவற்றில் 1944-ல் கட்டிய 4294 ஒன்றுதான் இன்று மிஞ்சி, சாக்ரமென்டோவில் கலிபோர்னியா மாநில ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ரசிகர்கள் அதன் அழகைப் பேசுவார்கள். அதில் வேலை பார்த்தவர் ஒருவரின் மகள் என்னிடம் சொன்னது வேறு: சுரங்கத்தில் மூச்சு விட முடிந்தது அப்பாவுக்கு நிம்மதி, ஆனால் எதிரே ஏதாவது வந்தால் தனக்கும் அதற்கும் நடுவே கொதிகலன் இல்லையே என்பது அவர் கடைசிவரை சொன்ன பயம். ஒரே என்ஜினைப் பற்றிய இந்த இரண்டு பேச்சையும் பக்கம் பக்கமாக வையுங்கள்.

வருடத்தைப் பிடிப்பது

நினைவில் வருடம் வழுக்கும். அதைத் தப்பு என்று சொல்லித் திருத்தாதீர்கள், முளை அடித்துக் கட்டுங்கள். படத்தில் டீசல் என்ஜின் கறுப்பில் வெள்ளிமூக்கும் ஆரஞ்சும் பூசியிருந்தால், அந்த வண்ணம் புதிதாக அடிக்கப்பட்டது 1958 வரைதான். சாம்பலும் சிவப்பும் அதற்குப் பின். சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் என்றால், சாண்டா ஃபே ரயில் கம்பெனியோடு இணைப்பு உறுதி என்று நம்பி 1985, 86-ல் அடித்தது. 1986 ஜூலையில் அரசு ஆணையம் அந்த இணைப்பை மறுத்துவிட்டது. பூச்சு மட்டும் சில என்ஜின்களில் வருடக்கணக்கில் தங்கிவிட்டது, அதனால் இது "இதற்கு முன் இல்லை" என்று மட்டுமே சொல்லும். 1996-ல் சதர்ன் பசிபிக்கே யூனியன் பசிபிக் என்ற ரயில் கம்பெனியில் கலந்தது. கோடாக்ரோம் ஸ்லைடுகளின் அட்டையில் மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். அது ஃபிலிமைக் கழுவிய தேதி. கோடையில் எடுத்த சுருளை கிறிஸ்துமஸுக்குக் கழுவியவர்கள் நிறைய.

பேச்சுக்கும் இப்படி முளைகள் உண்டு. ஷாஸ்தா டேலைட் ரயில் 1949-ல் ஓடத் தொடங்கி 1966-ல் நின்றது. ஷாஸ்தா அணை கட்டியபோது கீழே இருந்த பழைய தடம் தண்ணீருக்குள் போக, புதுத் தடம் போட்டார்கள். பிட் ஆற்றின் மேல் கீழ்த்தட்டில் ரயிலும் மேல்தட்டில் சாலையும் போகும் பாலம் 1942-ல் முடிந்தது. 1964 கிறிஸ்துமஸ் வெள்ளத்தை அந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. "வெள்ளத்துக்கு முன்பா பின்பா?" என்று கேட்டால் உடனே பதில் வரும், "எந்த வருடம்?" என்று கேட்டால் வராது.

வீட்டுக்குள் இருந்தவர்கள்

ஓட்டுநரின் மனைவியை விட்டுவிடாதீர்கள். பெரியவர் வருடத்தில் தடுமாறும்போது சமையலறையிலிருந்து "அது இரண்டாவது பிள்ளை பிறந்த வருடம்" என்று குரல் வரும். அவரையும் மேஜைக்குக் கூப்பிடுங்கள், அவருக்கென்று தனியாகவும் ஒரு நாள் ஒதுக்குங்கள். துணி காயப்போட எந்தக் காற்று வேண்டும், புகை எந்தப் பக்கம் போகும், போன் மணியடித்தால் வயிற்றில் என்ன செய்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெண்களும் அமெரிக்க ரயில்வேயில் பட்டறைகளிலும் தந்தி மேஜைகளிலும் வேலை பார்த்தார்கள். அம்மாவோ பாட்டியோ அப்படி இருந்தாரா என்று எல்லா வீட்டிலும் கேளுங்கள்.

அதேபோல, ரசிகர் கூட்டங்களில் பெயரே வராதவர்கள் இருக்கிறார்கள். இந்த மலைத்தடத்தைப் போட்ட கூட்டத்தில் பெரும்பகுதி சீனத் தொழிலாளர்கள். 1943 முதல் 45 வரை அரசாங்க ஒப்பந்தத்தில் மெக்ஸிகோவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து தண்டவாள வேலையில் போட்டார்கள். கேங்கில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டும், அவர்களாக வரமாட்டார்கள். என் பதிவுகளில் இந்தப் பகுதி மெலிந்துதான் இருக்கிறது, அது என்னை உறுத்துகிறது. நீங்கள் தொடங்கும்போதே அவர்களை முதல் பட்டியலில் எழுதுங்கள்.

வலிக்கும் இடங்கள்

1991 ஜூலை 14 இரவு, கான்டாரா வளைவில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு, ஒரு டேங்கர் ஆற்றில் விழுந்தது. மெட்டாம் சோடியம் என்ற களைக்கொல்லி சுமார் 72,000 லிட்டர் தண்ணீரில் கலந்தது. ஷாஸ்தா ஏரி வரை, கிட்டத்தட்ட 60 கிலோமீட்டருக்கு ஆற்றில் மீன், பூச்சி, பாசி எல்லாம் அழிந்தன. மீன் பிடிக்கும் ஊர் அது, தன் தண்ணீரைப் பற்றி அவ்வளவு பெருமை கொண்ட ஊர். ரயிலில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நாளில் அதே ஆற்றில் தூண்டில் போட்டவர்களுக்கு அந்த இரவு இரண்டு பக்கமும் வெட்டியது.

இதையும், விபத்தில் போன நண்பர்களைப் பற்றியும் முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். அவர்களாகத் தொட்டால் குறுக்கிடாமல் இருங்கள். மௌனம் வந்தால் மௌனமாக இருங்கள், பதிவு ஓடட்டும். ஒருமுறை நான் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். அந்தப் பெரியவர் மறுபடி அந்த இடத்துக்கு வரவே இல்லை. முடிந்ததும், "இந்தப் பகுதி இருக்கலாமா, எடுத்துவிடவா?" என்று கேட்டு, சொன்னபடி செய்யுங்கள். மேலதிகாரிகள்மேல் கோபமாகப் பேசுவார்கள். 1922-ல் நாடு முழுவதும் நான்கு லட்சம் பட்டறைத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தில் யார் உள்ளே போனார், யார் வெளியே நின்றார் என்பதை மூன்றாம் தலைமுறையிலும் சொல்பவர்கள் இருக்கலாம். பதிவில் இருக்கட்டும். பொதுவில் வைக்கும்போது தனிமனிதர்களின் பெயர்களை மறைத்துவிடுங்கள்.

தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள்

டன்ஸ்முயர் பக்கத்து மாஸ்பிரே அருவியைப் பார்க்கத் தண்டவாளம் வழியாக நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அது தனியார் நிலம், அத்துமீறல் குற்றம், வளைவுகளில் ரயில் வருவது தெரியாது. யாரிடம் நினைவு கேட்கப் போகிறோமோ அவர்களுக்கு மிகவும் கசந்த விஷயம் தடத்தில் நிற்கும் மனிதர்கள்தான். அவசரப் பிரேக் போட்டும் நிற்காது என்று தெரிந்து அந்த விநாடிகளைக் கடந்தவர்கள் அவர்கள். ரயில் பார்க்க ஊரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. கோஸ்ட் ஸ்டார்லைட் என்ற பயணிகள் ரயில் இரண்டு திசையிலும் இருட்டு நேரத்தில்தான் வந்து போகிறது. ஒரு ராத்திரியாவது முழித்திருந்து பாருங்கள், மலையிடுக்கில் ஹாரன் எப்படி எதிரொலிக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

பதிவும் பத்திரமும்

ரயில்காரர்களில் பலருக்குக் காது மந்தம். நேரெதிரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள். ஃபிரிட்ஜ் சத்தம், கடிகாரச் சத்தம் இல்லாத அறையாகப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், அவர் விரும்பினால் ஒழிய. போனில் பதிவு செய்தால் போதும், ஆனால் சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், உங்கள் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரல் சொல்லும்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எதற்குப் பயன்படுத்துவீர்கள், யார் கேட்கலாம், எப்போது நிறுத்தச் சொல்லலாம் என்பது ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். மூன்று பிரதி எடுத்து மூன்று வேறு இடத்தில் வையுங்கள். படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்லைடு என்றால் இன்னும் அதிகம். பின்பக்க எழுத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். புதிதாக எழுதுவதானால் மென்மையான பென்சிலில் ஓரத்தில் எழுதுங்கள், பேனா வேண்டாம், டேப் ஒட்டவே வேண்டாம். டன்ஸ்முயர் சேர்ந்த சிஸ்கியூ கவுண்டியின் அருங்காட்சியகம் யரீக்கா ஊரிலும், ரயில்வே அருங்காட்சியகத்தின் நூலகம் சாக்ரமென்டோவிலும் இருக்கின்றன. எந்த வடிவில் ஏற்றுக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் பதிவைத் தொடங்கினால், பின்னால் இரட்டை வேலை இருக்காது.

எழுத்தாக்கியதை அச்சிட்டு, பதிவோடு சேர்த்து அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் அனுப்பாதீர்கள். ஆணி சொன்ன பெரியவரிடம் நான் கொண்டுபோனபோது அவர் பேனா எடுத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தினார். ஆணி இடது மூலையில் இல்லை, கதவுக்கு வலது பக்கம் என்றார். அப்புறம் அந்தப் புகைப்படத்தை மறுபடி கேட்டார். கொடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் நாற்பது நிமிடம் பேசினார். பதிவுக் கருவியை நான் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பிரதி கொடுக்கப் போகும்போதும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.